கோழி எருவில் மணிச்சத்து: தீவனத்திலேயே குறைக்கலாம், ஏரிக்குப் போகாமல் தடுக்கலாம்

10,000 முட்டைக்கோழிகள் உள்ள ஒரு பண்ணையிலிருந்து ஓராண்டில் எச்சத்தோடு வெளியேறும் மணிச்சத்து, சுமார் 200 மூட்டை டிஏபி உரத்தில் உள்ள மணிச்சத்துக்குச் சமம். கணக்கு எளிதுதான். ஒரு கோழி நாளொன்றுக்கு 110 கிராம் தீவனம் எடுக்கிறது. தீவனத்தில் மொத்த பாஸ்பரஸ் 0.6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 0.66 கிராம் உள்ளே போகிறது. முட்டையில் சேர்வது ஏறக்குறைய 0.1 கிராம் மட்டுமே. மீதி 0.55 கிராம் எச்சத்தில் வந்துவிடுகிறது. 10,000 கோழிகளுக்கு நாளொன்றுக்கு 5.5 கிலோ, ஆண்டுக்கு 2 டன். உர மூட்டையில் அச்சிடும் மணிச்சத்துக் கணக்குக்கு மாற்ற, பாஸ்பரஸை 2.3-ஆல் பெருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 4.6 டன் மணிச்சத்து. (இந்தக் கட்டுரையில் தீவனத்தைப் பற்றிச் சொல்லும்போது பாஸ்பரஸ் என்றும், உரத்தைப் பற்றிச் சொல்லும்போது மணிச்சத்து என்றும் எழுதியிருக்கிறேன்.)

இந்த 200 மூட்டை தேவையான வயலுக்குத் தேவையான அளவில் போனால் வரவு. மழையில் கரைந்து ஓடைக்கும் ஏரிக்கும் போனால் ஊருக்கே தொல்லை. நாமக்கல், ராசிபுரம், மோகனூர், பரமத்தி வேலூர் வட்டாரங்களில் பண்ணைகள் அடுத்தடுத்து இருப்பதால், ஒரு பண்ணைக்குச் சிறிதாகத் தெரிவது ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதிக்குப் பெரிதாகிவிடுகிறது.

ஏரி ஏன் பச்சையாகிறது?

பாசி வளர்வதற்கு வெயில், தண்ணீர், தழைச்சத்து எல்லாம் நம் ஏரிகளில் தாராளமாக உண்டு. பெரும்பாலான ஏரி குளங்களில் பற்றாக்குறையாக இருந்து பாசியைக் கட்டுக்குள் வைத்திருப்பது பாஸ்பரஸ்தான். அது கிடைத்துவிட்டால் பாசி பெருகும், ஆகாயத்தாமரை மூடும். இரவில் பாசியும், மடிந்த பாசியைத் தின்னும் நுண்ணுயிர்களும் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கும், சாகவும் செய்யும். சில வகை நீலப்பச்சைப் பாசிகள் நஞ்சு உண்டாக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்த ஆடு மாடுகளுக்கு ஈரல் பாதிப்பு வரும், உயிரிழப்பும் ஏற்படலாம்.

எவ்வளவு போனால் இப்படி ஆகும்? இரண்டரை ஏக்கர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் குட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கோடி லிட்டர் தண்ணீர் இருக்கும். ஒரே ஒரு கிலோ பாஸ்பரஸ் கரைந்து சேர்ந்தால் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் ஆகிவிடும். பாசி பெருக அதுவே போதும். நமது 10,000 கோழிப் பண்ணை ஒரு நாளில் வெளியேற்றுவது 5.5 கிலோ.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எருவில் உள்ள தழைச்சத்தில் ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றில் போய்விடும். கொட்டகைக்குள் மூக்கைத் துளைக்கும் வாடை அதுதான். பாஸ்பரஸ் அப்படிக் காற்றில் போவதில்லை. எருவை மக்க வைத்தாலும் காய வைத்தாலும் எரித்துச் சாம்பலாக்கினாலும் உள்ளே வந்த பாஸ்பரஸ் அப்படியே இருக்கும். மக்க வைத்தால் எடை குறையும், வாடை குறையும், தூரத்துக்கு ஏற்றிப் போக வசதியாகும். ஆனால் ஒரு கிலோ எருவில் உள்ள மணிச்சத்தின் அளவு கூடத்தான் செய்யும். ஆகவே பண்ணையிலிருந்து வெளியேறும் பாஸ்பரஸைக் குறைக்க வழி ஒன்றுதான்: தீவனத்தில் குறைவாகப் போட வேண்டும்.

தீவனத்தில் பாஸ்பரஸ் இருந்தும் கோழிக்குக் கிடைப்பதில்லை

மக்காச்சோளத்தில் மொத்த பாஸ்பரஸ் சுமார் 0.28 சதவீதம், அதில் கோழிக்குப் பயன்படுவது 0.08 சதவீதம்தான். சோயா புண்ணாக்கில் 0.6 சதவீதத்துக்குச் சற்று மேல்; பயன்படுவது 0.2-ஐ ஒட்டி. தவிட்டில் இந்த இடைவெளி இன்னும் மோசம்: மொத்தம் 1.5 சதவீதம் இருந்தாலும் பயன்படுவது 0.2 சதவீதத்தை ஒட்டித்தான். விலை மலிவு என்று எண்ணெய் நீக்கிய தவிட்டைக் கூட்டும்போது எச்சத்தில் பாஸ்பரஸும் கூடுகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

காரணம், தானியங்களில் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டிக் அமிலம் என்ற பொருளில் பூட்டிக் கிடக்கிறது. ஆடு மாடுகளின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அந்தப் பூட்டைத் திறந்துவிடும். கோழிக்கு அந்த வசதி மிகவும் குறைவு. அதனால்தான் டிசிபி, அதாவது டைகால்சியம் பாஸ்பேட் வாங்கிச் சேர்க்கிறோம். பூட்டிக் கிடந்தது அப்படியே எச்சத்தில் வருகிறது. டிசிபியில் தேவைக்கு மேல் போட்டதும் அதனுடன் சேர்ந்து வருகிறது.

பைட்டேஸ் என்ற என்சைம் அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி. ஒரு கிலோ தீவனத்துக்கு 500 அலகு வீதம் சேர்த்தால், பயன்படும் பாஸ்பரஸில் சுமார் 0.1 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். கிராமுக்கு 5,000 அலகு கொண்ட பொருளாக இருந்தால் ஒரு டன் தீவனத்துக்கு 100 கிராம் போதும்.

இங்கேதான் பெரிய ஓட்டை இருக்கிறது. பைட்டேஸ் பல பண்ணைகளில் ஏற்கெனவே போடுகிறார்கள். "போடுறோம் சார், ஆனா டிசிபியக் குறைக்கத்தான் பயமா இருக்கு" என்பதை அடிக்கடி கேட்கிறேன். பைட்டேஸையும் போட்டு டிசிபியையும் குறைக்காமல் விட்டால் இரட்டைச் செலவு. பூட்டைத் திறந்து வெளியே வந்த பாஸ்பரஸ் கோழிக்குத் தேவைப்படாமல் எச்சத்தில் போகும். அதுவும் தண்ணீரில் எளிதில் கரையும் வடிவத்தில் போவதால், ஏரிக்கு முன்னைவிடக் கெடுதல்.

டிசிபியில் 18 சதவீதம் பாஸ்பரஸ் உள்ளது. ஆகவே டன்னுக்கு 500 கிராம் குறைத்தேன், ஒரு கிலோ குறைத்தேன் என்பதெல்லாம் போதாது, 0.1 சதவீதத்துக்கு ஈடாக டன்னுக்கு 5.5 கிலோ டிசிபியைக் குறைக்கலாம். 10,000 கோழிப் பண்ணையில் நாளொன்றுக்கு 1.1 டன் தீவனம் செலவாகிறது. ஆண்டுக்குச் சுமார் 40 கிலோ பைட்டேஸ் வாங்கி, 2.2 டன் டிசிபியை மிச்சப்படுத்தலாம். எச்சத்தில் போகும் பாஸ்பரஸ் நாளுக்கு 5.5 கிலோவிலிருந்து 4.4 கிலோவாக, அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறையும். 200 டிஏபி மூட்டை 160 ஆகிவிடுகிறது.

ஒரேயடியாகக் குறைக்கத் தயங்குபவர்கள் முதல் இரண்டு வாரம் பாதியைக் குறைத்து, கோழிகளைக் கவனித்துவிட்டு மீதியைக் குறைக்கலாம். கூண்டுக்குள் கோழி கால் பலமிழந்து படுத்துக்கொள்வது, முட்டை எண்ணிக்கை சரிவது ஆகியவை பாஸ்பரஸ் பற்றாக்குறையின் அறிகுறிகளாக இருக்கலாம். அப்படித் தெரிந்தால் டிசிபியைத் திரும்பக் கூட்டிவிட்டு கால்நடை மருத்துவரைப் பாருங்கள். டிசிபியில் சுண்ணாம்புச் சத்தும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. 5.5 கிலோ டிசிபியை எடுத்தால் 1.3 கிலோ சுண்ணாம்புச் சத்து குறைகிறது. அதற்கு ஏறக்குறைய 3 கிலோ சுண்ணாம்புக்கல் குருணையைச் சேர்த்துச் சரிக்கட்ட வேண்டும். அதற்காகச் சுண்ணாம்பை அள்ளிக் கொட்டவும் கூடாது. அளவுக்கு மீறிய சுண்ணாம்பு பைட்டேஸின் வேலையைக் கெடுக்கும்.

கலக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. 100 கிராம் பொருளை நேரடியாக மிக்சரில் போட்டால் ஒரு மூட்டைக்கு அதிகமாகவும் இன்னொரு மூட்டைக்கு இல்லாமலும் போகும். முதலில் 5 முதல் 10 கிலோ அரைத்த மக்காச்சோளத்தில் நன்றாகக் கலந்து, பிறகு மொத்தத்தில் சேர்க்க வேண்டும். தாது உப்புக் கலவை, கோலின் குளோரைடு இவற்றுடன் சேர்த்து நாள்கணக்கில் வைக்கக் கூடாது. தகரக் கொட்டகையின் சூட்டில் வைத்த பைட்டேஸ் வீரியம் இழந்துவிடும். வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், ஒரு மாதத்துக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள். சொந்தமாக அரைத்த தூள் தீவனம் போடும் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கு வேறு சிக்கல் இல்லை. குச்சித் தீவனம் தயாரிப்பவர்கள் நீராவிச் சூட்டைத் தாங்கக்கூடிய பைட்டேஸைக் கேட்டு வாங்க வேண்டும்.

வயதான கோழிக்கு இளங்கோழியின் அளவு வேண்டாம்

முட்டையிடும் காலம் முழுவதும் ஒரே கலவையைப் போடுவது இன்னொரு வீண்செலவு. 45, 50 வாரங்களுக்குப் பிறகு கோழியின் சுண்ணாம்புத் தேவை கூடும். பாஸ்பரஸ் தேவை குறையும். அந்த வயதில் பாஸ்பரஸ் மிகுந்தால் முட்டை ஓட்டின் தரமே கெடும். கோடையில் ஓடு மெலிந்து உடைசல் கூடுகிறது என்று சுண்ணாம்பை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறவர்கள், டிசிபியின் அளவையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 1994-இல் வெளியிட்ட அட்டவணை, முட்டைக்கோழிக்கு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் பயன்படும் பாஸ்பரஸ் போதும் என்கிறது. 110 கிராம் தீவனம் எடுக்கும் கோழிக்கு இது 0.23 சதவீதம். நம் பகுதியில் 0.40-க்கு மேல் வைக்கும் கலவைகளை இன்றும் பார்க்கிறேன். நாளையே 0.23-க்கு இறங்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சித்திரை வெயிலில் கோழி 90 கிராம்தான் தின்னும், அப்போது சதவீதம் கூடத்தான் வேண்டும். இனத்துக்கான கையேட்டில் வயதுவாரியாகக் கொடுத்திருக்கும் அளவைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேல் 'பாதுகாப்புக்காக' என்று சேர்ப்பதை நிறுத்தினாலே பெரிய மாற்றம் தெரியும்.

சிந்தும் தீவனமும் நேராக எருவில்தான் சேர்கிறது. தீவனத் தொட்டியை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

எரு நனையாமல் இருக்க வேண்டும்

காய்ந்த எரு ஓடாது. நனைந்த எரு ஓடும். கூண்டுக்குக் கீழே எரு சேறாகக் கிடந்தால் முதலில் பார்க்க வேண்டியது நிப்பிள் ஒழுக்கு. அதைச் சரிசெய்தால் ஈத் தொல்லையும் சேர்ந்து குறையும்.

கொட்டகைக் கூரையிலிருந்து வழியும் மழைநீர் எருவின் மேல் படாமல் தனி வாய்க்காலில் போக வேண்டும். அள்ளிய எருவைத் திறந்த வெளியில் குவிப்பதை, அதிலும் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் குவிப்பதை அறவே விட்டுவிட வேண்டும். வண்டி வரும்வரை சாலையோரத்திலும் ஓடைப் புறம்போக்கிலும் கொட்டி வைக்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. ஒரே இரவு மழையில் குவியலின் அடியிலிருந்து டீத்தண்ணீர் நிறத்தில் வடியும் நீரில்தான் கரைந்த பாஸ்பரஸ் இருக்கிறது. மேடான இடத்தில் சிமென்ட் தளமோ நன்றாகத் திமிசு போட்ட களிமண் தளமோ அமைத்து, மேலே தகரக் கூரை போட்டு, சுற்றிலும் ஓரடி வரப்பு கட்டினால் போதும். அதற்கு வசதியில்லாதவர்கள் தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் மண் அணைக்கலாம். கிணறு, ஓடை, ஏரி, வாய்க்கால் ஆகியவற்றிலிருந்து 100 மீட்டர் தள்ளியே குவியல் இருக்கட்டும்.

வாங்கும் விவசாயிக்கும் இதில் பங்கு உண்டு

நம் பகுதியில் மரவள்ளி, மஞ்சள், மக்காச்சோளம் போடுகிறவர்கள் கோழி எருவை விரும்பி வாங்குகிறார்கள். கேரளத் தோட்டங்களுக்கும் லாரிகளில் போகிறது. ஆனால் 'ஏக்கருக்கு இத்தனை லோடு' என்ற கணக்கில்தான் இடுகிறோம்.

காய்ந்த கோழி எருவில் சுமார் 3 சதவீதம் தழைச்சத்து, 2.6 சதவீதம் மணிச்சத்து, 1.4 சதவீதம் சாம்பல் சத்து உள்ளது. அதாவது தழையும் மணியும் ஏறக்குறைய சமம். பயிருக்கோ தழை அதிகம் வேண்டும், மணி குறைவாக வேண்டும். இறவை வீரிய மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு 100 கிலோ தழை, 30 கிலோ மணி, 30 கிலோ சாம்பல் சத்து பரிந்துரைக்கப்படுகிறது. பயிர் பச்சையாக இருக்க வேண்டும் என்று ஏக்கருக்கு 5 டன் எரு கொட்டினால் 130 கிலோ மணிச்சத்து இறங்குகிறது. நான்கு மக்காச்சோளப் பயிருக்கான அளவு ஒரே பட்டத்தில்! அடுத்த பட்டத்திலும் 5 டன், அடியுரமாக ஒரு மூட்டை டிஏபி என்று தொடர்ந்தால், மண் தாங்கும் அளவைத் தாண்டியதும் மணிச்சத்து மழைநீரோடு கசியத் தொடங்கும். அரித்துப் போகும் மேல்மண்ணோடும் போகும்.

எனவே எருவின் அளவை மணிச்சத்தைக் கொண்டு முடிவு செய்யுங்கள். 30 கிலோ மணிச்சத்துக்கு 1,150 கிலோ காய்ந்த எரு போதும். இதில் 35 கிலோ தழைச்சத்து இருந்தாலும் முதல் பட்டத்தில் பாதியளவுதான் கிடைக்கும் என்று வைத்தால் 17 கிலோ. மீதி 83 கிலோவுக்கு 45 கிலோ யூரியா மூட்டை நான்கு, தவணையாகப் பிரித்து இட வேண்டும். சாம்பல் சத்துக்கு 23 கிலோ பொட்டாஷ். டிஏபியும் காம்ப்ளக்ஸும் வேண்டவே வேண்டாம். ஈரமான எருவாக இருந்தால் ஈரத்துக்கு ஏற்றபடி எடையைக் கூட்டிக்கொள்ளலாம்.

மண் பரிசோதனை அறிக்கையில் மணிச்சத்து எக்டருக்கு 22 கிலோவுக்கு மேல் இருந்தால் அது 'அதிகம்' என்ற வகை. வருடக்கணக்காகக் கோழி எரு போட்ட வயல்களில் இதைவிடப் பல மடங்கு வந்தாலும் வியப்படைய வேண்டாம். அப்படிப்பட்ட வயலுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் கோழி எருவையே நிறுத்திவிட்டு, தொழு உரமும் பசுந்தாள் உரமும் போடுங்கள். எருவை இதுவரை அது காணாத வயலுக்குக் கொடுங்கள். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கறிக்கோழிப் பண்ணைகள் மிகுந்த கடற்கரைப் பகுதி மண்ணில் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த பாஸ்பரஸ் செசபீக் விரிகுடாவைக் கெடுத்ததால், 2015-இல் அளவு மிகுந்த வயல்களில் எரு இடுவதற்கே சட்டம் போட்டுக் கட்டுப்பாடு விதித்தார்கள். சேர்ந்துவிட்ட பாஸ்பரஸை மண்ணிலிருந்து எடுக்கப் பயிர் அறுவடையைத் தவிர வேறு மலிவான வழி கிடையாது.

ஏரியைப் பற்றிக் கவலைப்படாதவருக்கும் இதில் நஷ்டம் உண்டு. மணிச்சத்து மிகுந்த மண்ணில் பயிருக்குத் துத்தநாகம் கிடைக்காது. மக்காச்சோளத்தின் குருத்து வெளுப்பது, நெல்லில் இலை பழுப்பேறுவது பலவேளை இதனால்தான். துத்தநாக சல்பேட்டைக் கோழி எருவுடனோ டிஏபியுடனோ கலந்து இடாமல், மணலில் கலந்து தனியாக இட வேண்டும்.

எருவைப் பரப்பிய அன்றே உழுது மண்ணுக்குள் மூடிவிட வேண்டும். மழை வரும் என்ற அறிவிப்பு இருந்தால் பரப்புவதைத் தள்ளி வையுங்கள். ஓடையை ஒட்டிய வயலில், ஓடைப் பக்கம் பத்து மீட்டர் அகலத்துக்கு எரு போடாமல் விட்டு, அங்கே கம்பு நேப்பியர் புல்லோ வெட்டிவேரோ வளர்க்கலாம். கம்பு நேப்பியரை அறுத்து மாட்டுக்குப் போடும்போது வழிந்து வந்த மணிச்சத்தும் வெளியேறுகிறது. ஓடையோரத்திலேயே மேய விட்டால் அந்தப் பயன் இல்லை.

கறிக்கோழி ஆழ்கூளத்துக்கு

பல்லடம், உடுமலை பகுதியில் தென்னை நார்க்கழிவிலும் உமியிலும் வளர்க்கும் கறிக்கோழிகளுக்கு மேலே சொன்னவை எல்லாம் பொருந்தும். ஒப்பந்த முறையில் வளர்ப்பவர்களுக்குத் தீவனம் நிறுவனத்திலிருந்து வருவதால் பைட்டேஸ் அவர்கள் கையில் இல்லை. கூளத்தைக் காய்ந்த நிலையில் வைப்பதும், எருவை எங்கே கொடுக்கிறோம் என்பதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் கூளத்தோடு படிகாரம், அதாவது அலுமினியம் சல்பேட் கலந்து பார்த்தார்கள். வயலிலிருந்து வழிந்தோடும் பாஸ்பரஸ் முக்கால் பங்கு குறைந்தது, அமோனியாவும் அடங்கியது. குஞ்சு விடுவதற்கு முன்பே கலக்க வேண்டும், விலையும் பார்க்க வேண்டும். ஏரிக்கு மிக அருகில் உள்ள பண்ணைகளுக்கு யோசித்துப் பார்க்கத் தகுந்த முறை, எல்லோருக்கும் அல்ல.

எங்கே பரிசோதிப்பது?

தீவனத்தில் மொத்த பாஸ்பரஸையும் சுண்ணாம்புச் சத்தையும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஒரே மூட்டையிலிருந்து எடுக்காமல் பத்து மூட்டைகளிலிருந்து கையளவு எடுத்துக் கலந்து, அரை கிலோவைக் காற்றுப் புகாத பையில் கொண்டு போங்கள். டிசிபி புதிதாக வாங்கும்போதும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் 18 சதவீதம் என்பது மூட்டையில் எழுதியிருப்பது மட்டுமாக இருக்கக் கூடாது. மண்ணை மாவட்ட மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுக்கலாம். அறுவடை முடிந்து அடுத்த எரு போடுவதற்கு முன் உள்ள இடைவெளியில், பழைய எருக் குவியல் கிடந்த இடத்தை விலக்கிவிட்டு மாதிரி எடுக்க வேண்டும். குவியல் கிடந்த இடத்து மண் ஒரு கைப்பிடி கலந்தாலும் அறிக்கை முழுவதும் தவறாகிவிடும்.